எங்கள் குடும்பம் – சாட்ஸ்வொர்த், டர்பன்

செல்வி: வணக்கம். நேற்றோடு 22 நாள். இன்குபேட்டர் பெட்டியில் வைத்த என் அரௌகானா கோழிகளின் 12 நீல முட்டையில் 7 குஞ்சு வந்துவிட்டது. 2 கூமுட்டை. 3 குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துப்போச்சு. மனசே சரியில்லை.

ராஜன் மாமா: அடடா. பத்தாம் நாள் ராத்திரி கரண்ட் போச்சே, அதனாலா?

செல்வி: அப்படித்தான் நினைக்கிறேன் மாமா. பெட்டியைக் கம்பளியால் சுற்றி, சுடுதண்ணீர் பாட்டிலும் வைத்தேன். அப்படியும் 37.5 டிகிரி 34க்கு இறங்கிவிட்டது.

பெரியம்மா: டொங்காட்டில் எங்கம்மா கூடையில் மணல் பரப்பி, ஓரமாக இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போட்டுத்தான் கோழியை அவயம் வைப்பார். இடி இடித்தாலும் முட்டை கெடாது என்பார். கரண்டுக்கு அங்கே வேலையே இல்லை.

கவிதா: அக்கா, செத்தது சின்னக் கருவா, இறகு முளைத்த குஞ்சா?

செல்வி: திறந்து பார்த்தேன். முழுசாக வளர்ந்த குஞ்சுதான்.

கவிதா: பத்தாம் நாள் குளிரில் செத்திருந்தால் அவ்வளவு வளர்ந்திருக்காது. உங்கள் அரௌகானா சேவலுக்குக் காதோரம் இறகுக் குஞ்சம் உண்டே, பெட்டைக்கும் உண்டா?

செல்வி: முட்டை எடுத்த இரண்டு பெட்டைக்கும் உண்டு. அழகாக இருக்கிறதே என்று பார்த்துத்தான் சேர்த்தேன்.

கவிதா: அதுதான் காரணமாக இருக்கும். குஞ்சம் தரும் மரபணு அப்பா, அம்மா இரண்டு பக்கமிருந்தும் வந்தால் குஞ்சு பிழைக்காது. பெரும்பாலும் பொரிக்கப்போகும் கடைசி நாட்களில் ஓட்டுக்குள்ளேயே போய்விடும். நாலில் ஒன்று அப்படி. கருக்கட்டிய பத்தில் மூன்று என்றால் கணக்கு ஏறக்குறைய சரி. உங்கள் மேல் தப்பில்லை அக்கா.

செல்வி: ராத்திரியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். குஞ்சம் இல்லாத பெட்டை ஒன்று இருக்கிறது. இனி அதன் முட்டையை மட்டும் எடுக்கிறேன்.

ராஜன் மாமா: நீல முட்டை உள்ளேயும் நீலமா இருக்குமா?

செல்வி: வெள்ளைக்கருவும் மஞ்சளும் எப்போதும் போலத்தான் மாமா. ஆனால் ஓட்டின் உள்பக்கமும் நீலம். பழுப்பு முட்டைக்கு நிறம் மேல்பூச்சு மட்டும். உடைத்தால் உள்பக்கம் வெளுப்பு. இதில் பிலிவெர்டின் என்ற நிறமி ஓடு உருவாகும்போதே கலந்துவிடுகிறது. சிலியில் மாப்புச்சே மக்கள் வளர்த்த வம்சம் இது. என்றோ ஒரு வைரஸ் கோழியின் மரபணுவில் ஒட்டிக்கொண்டதால் வந்த நிறம் என்று 2013இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். அப்பா, அம்மாவில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். பழுப்பு முட்டைக் கோழியோடு சேர்ந்தால், பிறக்கும் பெட்டை இடுவது பச்சை முட்டை!

பெரியம்மா: என் நாட்டுக்கோழி நேற்றிலிருந்து அடை உட்கார்ந்திருக்கிறது. முட்டையைக் கொண்டு வா.

செல்வி: ஞாயிறு காலை ஆறு முட்டையோடு வருகிறேன் பெரியம்மா.

பெரியம்மா: காலையில் வேண்டாம், இருட்டினபிறகு வா. ராத்திரி வைத்தால்தான் கோழி கலையாது.