டாக்டரிடம் சொல்லாதது, டிரெஸ்ஸிங் ரூமில் சொன்னது

மஞ்சப்பை சிஸ்டர்:

தோல் டாக்டர் கிளினிக்கில் அசிஸ்டென்டாக இது எனக்கு 11-வது வருடம். ஊர் காவிரிக்கரை. சாயங்காலம் 5 மணிக்கு ஓ.பி. தொடங்கினால் ஒன்பதரை வரை போகும். டோக்கன் போடுவது, பிளேடும் பஞ்சும் எடுத்து வைப்பது, கட்டுப் போடுவது, எல்லாம் நான்தான். இத்தனை வருடத்தில் ஒன்று மட்டும் மாறவே இல்லை. "இதுக்கு முன்னாடி ஏதாவது தடவினீங்களா?" என்று டாக்டர் கேட்பார். "ஒண்ணும் இல்ல சார்" என்பார்கள். டிரெஸ்ஸிங் ரூமுக்கு வந்ததும் என்னிடம் மஞ்சப்பையை அவிழ்ப்பார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு பையன் வந்தான். டூவீலர் மெக்கானிக், இருபது வயதுக்கு மேல் இருக்காது. இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை. வழக்கமாக வட்டத்தின் ஓரம் சிவந்து தடித்து, நடுவில் தெளிந்திருக்கும். இவனுக்கு ஓரமே இல்லை, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் பரவியிருந்தது. ஒன்றும் தடவவில்லை என்று சத்தியமே பண்ணிவிட்டான். சுரண்டி எடுக்கச் சொல்லி டாக்டர் என்னிடம் அனுப்பினார்.

அது என் கை வேலை. பிளேடால் மெல்லச் சுரண்டினால் தவிடு மாதிரி செதில் உதிரும். அதைக் கண்ணாடித் தகட்டில் வாங்கி, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மூடி, கால் மணி நேரம் வைக்க வேண்டும். தோல் செல்லெல்லாம் கரைந்துபோய், பூஞ்சை இருந்தால் கிளை கிளையாக இழை தெரியும். அந்தக் கால் மணி நேரம்தான் என்னுடைய நேரம். சும்மா பேச்சுக் கொடுத்தேன். "வேலை ரொம்பவா தம்பி?" அவ்வளவுதான், பையைத் திறந்துவிட்டான். நாலு டியூப், கடைசி வரை பிதுக்கிச் சுருட்டியது. மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்குக் கொடுங்க" என்று கேட்டு வாங்கியிருக்கிறான். ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக், பூஞ்சை மருந்து மூன்றும் ஒன்றாகக் கலந்த களிம்பு. ஸ்டீராய்டு அரிப்பை இரண்டே நாளில் அடக்கும், ஆனால் பூஞ்சை சாகாது. சரியாகிவிட்டது என்று நிறுத்துவான், மறுபடி வரும், மறுபடி தடவுவான். எட்டு மாதம்.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இழைகள் வைக்கோல் போர் மாதிரி. பூஞ்சைக்கு மாத்திரை இருக்கிறது, குணமாகும். ஆனால் ஸ்டீராய்டு தடவித் தடவி, தொடையின் உள்பக்கம் செக்கச்செவேல் என்று கோடு கோடாகத் தோல் கிழிந்திருந்தது, பிள்ளை பெற்ற வயிறு மாதிரி. நிறம் மங்கலாம், கோடு போகாது. "இது எப்ப சிஸ்டர் மறையும்?" என்று அவன் கேட்டபோது நான் தகட்டைத் துடைப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. எங்கள் தெருவுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

என்னைப் போல கிளினிக்கில் வேலை பார்ப்பவர்களே, உங்களிடம் பையை அவிழ்த்தவர்கள் கதையையும் எழுதுங்கள்.

பழைய கம்பவுண்டர்:

எனக்கு அக்கி எழுதிக்கொண்டு வந்த பெரியவர் ஞாபகம் வருகிறார். எழுபது வயது, விவசாயி. வலப்பக்க விலாவில் தொடங்கி முதுகு வரை பட்டையாகக் கொப்புளம். அதன்மேல் குயவர் வீட்டில் காவி குழைத்துப் போட்ட சிங்கம். வால் முதுகில், தலை நெஞ்சில். நேற்றுதான் வந்தது என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். அக்கிக்கு மாத்திரையை மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் நல்லது, அதனால் டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டும் அதே பதில்.

காவிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமே. உப்பு நீரில் காஸ் துணியை நனைத்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தேன். சட்டை பட்டாலே உயிர் போகும் வலி அது. நடுவில் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, சிங்கத்தோட முகத்தை மட்டும் விட்டுருங்க. மூணு தடவை எழுதணும்னாங்க, ரெண்டாவது இன்னிக்குத்தான் முடிஞ்சது. அஞ்சு நாளாச்சு." ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். புதுக் கொப்புளம் இன்னும் வருவதால் பரவாயில்லை என்று மருந்து தொடங்கினார். அசைக்ளோவிர் மாத்திரை 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். ஐந்து வேளையை அவருக்குப் புரிய வைப்பதுதான் பெரும்பாடு. கவரில் சூரியன், சோறு, டீ, மறுபடி சோறு, நிலா என்று படம் போட்டுக் கொடுத்தேன்.

முகத்தை விட்டுவிட்டேன். அங்கே கொப்புளம் இல்லை, சாமி கோபித்துக்கொள்ளவும் வேண்டாம்.

டோக்கன் நம்பர் 1:

நான் இதற்கு நேர்மாறாக ஒரு தப்புச் செய்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. காலேஜ் ஹாஸ்டல் பெண்ணுக்குச் சிரங்கு. பெர்மெத்ரின் களிம்பை எப்படிப் போடுவது என்று ஹாலில் வைத்தே விளக்கினேன்: "கழுத்துக்குக் கீழே ஓர் இடம் விடாம ராத்திரி தடவி, காலையில குளிக்கணும், ரூம்ல இருக்கிற எல்லாரும் ஒரே நாள்ல போடணும், ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை." எல்லாம் சரிதான். பக்கத்து நாற்காலி அம்மா எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார். அந்தப் பெண் சீட்டைக்கூட வாங்காமல் போய்விட்டது. அன்றிலிருந்து ஹாலில் வாயைத் திறந்தால் டோக்கன் நம்பர் மட்டும்தான்.

கட்டுப் போடுபவள்:

எங்களிடம் வந்தவர் டீ மாஸ்டர். சுண்டுவிரலில் சூட்டுக் கொப்புளம், கட்டுப் போட அனுப்பினார்கள். மருந்து வைக்கும்போது எவ்வளவு தைரியசாலிக்கும் முகம் சுளிக்கும். இவர் வெளியே பஸ் பார்த்துக்கொண்டிருந்தார். "எரியலையாண்ணே?" என்றேன். "இந்த விரலுக்குச் சூடே தெரியாதும்மா, ஒரு வருஷமாச்சு. கிளாஸ் பிடிக்க வசதி" என்று சிரித்தார்.

கட்டை அப்படியே விட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். முழங்கைக்குப் பின்னால் நரம்பைத் தடவிப் பார்த்தார், கயிறு மாதிரி தடித்திருந்தது. முதுகில் வெளுத்த திட்டுகள். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொட்டால் அவருக்குத் தெரியவில்லை. தேமல் என்று விட்டிருக்கிறார். தொழுநோய். மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், அவருக்கு 12 மாதம். மருந்து தொடங்கிவிட்டால் அடுத்தவருக்குப் பரவாது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "கடைக்குத் தெரியுமா?" தெரியாது, எங்கள் வழியாகத் தெரியாது என்றேன்.

முதல் மாத மாத்திரை போட்ட அன்று போன் செய்தார், சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்று பயந்து. அதில் இருக்கும் ரிஃபாம்பிசின் என்ற மருந்து அப்படித்தான் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும், நான் மறந்துபோனேன்.

மஞ்சப்பை சிஸ்டர்:

டீ மாஸ்டரைப் படித்ததிலிருந்து நானும் கட்டுப் போடும்போது எரிகிறதா என்று கேட்க ஆரம்பித்திருக்கிறேன்.

அந்த மெக்கானிக் பையன் நேற்று வந்தான். படர்தாமரை போய்விட்டது, கோடு அப்படியே. இந்தத் தடவை அவன் அம்மாவுக்கு டோக்கன். ஒரே துண்டு, ஒரே வாளி. அந்த அம்மா டாக்டரிடம் ஒன்றும் தடவவில்லை என்றார். பையன் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். கையில் மஞ்சப்பை.