கிட்டாரில் மெட்டல் வாசிக்க எந்த பிரிட்ஜ் (ஸ்ட்ரிங்குகள் உடலில் பதியும் பாகம்)? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

டவுன்ஸ்ட்ரோக்:
கல்லூரி விழா மேடையில் நடந்தது இன்னும் மனதை அரிக்கிறது. ஃப்ளாய்ட் ரோஸ் (பார் என்ற கைப்பிடிக் கம்பியை அசைத்து சுருதியை ஏற்றி இறக்கும் பிரிட்ஜ்), முழு ஃப்ளோட்டிங் (இரு பக்கமும் அசையும்படி), டிராப் டி (ஆறாவது ஸ்ட்ரிங்கை ஈயிலிருந்து டிக்கு இறக்கிய டியூனிங்). பிரேக்டவுன் (பாட்டின் கனமான பகுதி) வர இரண்டு தாளச் சுற்று இருக்கும்போது நாலாவது ஸ்ட்ரிங் படக்கென்று அறுந்தது. அது ஒன்றோடு போயிருந்தால் மிச்சத்தை வைத்து ஒப்பேற்றியிருக்கலாம். பின்னால் இருக்கும் ஸ்பிரிங்குகள் பிரிட்ஜை உள்ளே இழுத்ததில் மற்ற ஐந்தும் சேர்ந்து சுருதி ஏறிவிட்டன. நட் (கழுத்து முனையில் ஸ்ட்ரிங்கைப் பிடிக்கும் பாகம்) பூட்டியிருக்கிறது, பிரிட்ஜிலுள்ள ஃபைன் டியூனரில் அவ்வளவு தூரம் இறக்க முடியாது. பேஸ் வாசிப்பவன் திரும்பி என் கையைப் பார்த்தான். அந்தப் பார்வைதான் போகமாட்டேன் என்கிறது. வால்யூமை மூடிவிட்டு பாட்டு முடியும்வரை நின்றேன். டைவ் பாம் (பாரை அழுத்தி சுருதியைச் சரேலென்று இறக்குவது) இல்லாமல் என்னால் வாசிக்க முடியாது, ஆனாலும் அடுத்த கிட்டார் ஹார்ட்டெயிலாக (அசையாத பிரிட்ஜ்) எடுக்கலாமா என்று யோசிக்கிறேன்.

பாம்மியூட்:
எடுங்கள் ப்ரோ. எனக்கு ரெக்கார்டிங்கில் நடந்தது. ஒரே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) இடது, வலது என்று இரண்டு டிராக் வாசித்தோம், சேர்த்துப் போட்டால் அலை அடிக்கிறது. டியூனரில் பார்த்தால் எல்லாம் சரி. இன்ஜினியர் ஸ்பீக்கரை விட்டுவிட்டு என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கையை எடுத்துட்டு அடிங்க" என்றார், சுருதி சரியாக நின்றது. பாம் மியூட்டுக்காக (ஒலியை அடக்க) கையை பிரிட்ஜில் வைத்து அழுத்தினால் ஏறுகிறது. வேகமான டவுன்பிக்கிங்கில் (எல்லா அடியும் கீழ்நோக்கியே) கை அழுத்தத்தான் செய்யும், ஃப்ளோட்டிங் பிரிட்ஜ் அதற்கு அசைந்து கொடுக்கும். அங்கேயே இருந்த டியூன்-ஓ-மாட்டிக் என்ற அசையாத பிரிட்ஜ் உள்ள கிட்டாரில் அதே ரிஃபை வாசித்தேன், கல்லு மாதிரி நின்றது. 1954-ல் கிப்சன் லெஸ் பால் கஸ்டமில் வந்த பிரிட்ஜ் அது. மெட்டாலிகா பேண்டின் ஹெட்ஃபீல்டின் ரிதம் கிட்டார்களைப் பாருங்கள், அசையாத பிரிட்ஜ்தான்.

கத்திமுனை:
ஹெட்ஃபீல்டைச் சொல்பவர்கள் அதே பேண்டில் கிர்க் ஹாமெட் கையில் ஃப்ளாய்ட் ரோஸ் இருப்பதையும் சொல்ல வேண்டும். பாண்டெரா பேண்டின் டைம்பேக் டாரல் அத்தனை கனமான ரிஃப்களையும் வாசித்தது எதில்? நான் பழைய கிட்டார் ஒன்று வாங்கினேன், ஒவ்வொரு டைவுக்கும் பிறகு சுருதி இறங்கியே வந்து நின்றது. பிரிட்ஜைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் கத்திமுனையில் (போஸ்ட் திருகுகளில் பிரிட்ஜ் சாய்ந்து அசையும் கூர்மையான விளிம்பு) நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம். மட்டமான உலோகம், போஸ்ட் அதைத் தின்றுவிட்டது. ஃப்ளாய்ட் ரோஸைத் திட்டுபவர்களில் பாதிப் பேர் வாசித்தது இந்த மாதிரி மலிவான நகலைத்தான். கெட்டியான எஃகு பிரிட்ஜை ஒழுங்காக செட்டப் செய்து வாசித்துவிட்டு வந்து பேசுங்கள்.

ஸ்பிரிங்க்ளா:
எனக்கும் மேடையில் ஸ்ட்ரிங் அறுந்திருக்கிறது, ஆனால் அந்தப் பாட்டை முடித்தேன். காரணம் ஒரு மரத்துண்டு. டவுன்ஸ்ட்ரோக் தம்பி, கிட்டாரை விற்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். பின்மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும் உலோக பிளாக் தெரியும். அதற்கும் கழுத்துப் பக்கத்துச் சுவருக்கும் நடுவில் கச்சிதமாக ஒரு துண்டு வையுங்கள். பிறகு கிளா ஸ்க்ரூவை (ஸ்பிரிங்குகளின் மறுமுனையை உடலில் பிடிக்கும் திருகு) கொஞ்சம் முறுக்கி, பிளாக் மரத்தில் அழுந்தி நிற்கும்படி செய்யுங்கள். இப்போது பார் கீழே மட்டும் போகும், மேலே இழுக்க வராது. டைவ் பாம் அப்படியே கிடைக்கும். ஸ்ட்ரிங் அறுந்தாலும் மற்றவை ஏறாது, பாம்மியூட் சொன்ன கை அழுத்தமும் ஒன்றும் செய்யாது. ஆறாவது ஸ்ட்ரிங்கை ஈயிலிருந்து டிக்கு இறக்கினாலும் மற்றவை நகராது. டி-டூனா (ஆறாவது ஸ்ட்ரிங்கை டிக்கு இறக்கும் கருவி) மாட்ட நினைப்பவர்களுக்கும் இப்படித்தான், ஃப்ளோட்டிங்கில் அது உதவாது.

அப்புறம், ஃப்ளோட்டிங்காகவே வைத்திருப்பவர்கள் ஸ்ட்ரிங்கை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டுங்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்ற வேண்டாம். ஸ்ட்ரிங் தடிமன் 9-42-லிருந்து கனமான 10-52-க்குப் போனால் ஸ்பிரிங் ஒன்று கூட்ட வேண்டியிருக்கும். பிரிட்ஜின் அடித்தகடு உடலுக்கு இணையாக நிற்க வேண்டும், சாய்ந்திருந்தால் டியூன் செய்வதே வீண். பூட்டிய நட்டோடு தலைப்பக்கக் குமிழைத் திருகாதீர்கள், ஸ்ட்ரிங் போய்விடும்.

ஒன்பதாம்ஃப்ரெட்:
யாரும் எவர்டியூன் பற்றிப் பேசவில்லையே? அமெரிக்காவில் உருவான பிரிட்ஜ், ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் தனி ஸ்பிரிங். நண்பனின் கிட்டாரில் ஆறாவது ஸ்ட்ரிங்கை முழு பலத்தோடு அடித்தேன், டியூனர் முள் அசையவே இல்லை. தலைப்பக்கக் குமிழைத் திருகினேன், அப்போதும் அசையவில்லை. ரிதம் ரெக்கார்டிங்குக்கு இதைவிட எனக்கு வேறெதுவும் வேண்டாம். ஆனால் பார் கிடையாது, உடலில் பெரிதாகக் குடைய வேண்டும்.

டவுன்ஸ்ட்ரோக்:
அண்ணே, அந்த மரத்துண்டை ஒட்டிவிடவா?

ஸ்பிரிங்க்ளா:
பசை வேண்டவே வேண்டாம். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் போதும், நாளைக்கு ஃப்ளோட்டிங் வேண்டுமென்றால் எடுத்துவிடலாம். தேக்கு மாதிரி கெட்டியான மரமாகப் பாருங்கள். மென்மையான மரம் அமுங்கி டியூனிங் நகரும்.