மோனோப்சனி: ‘உரிமை’ இல்லாமல் ஒரு சொல்

எல்லோருக்கும் வணக்கம்.

விற்பவர் பலர் இருக்க, வாங்க ஒரே ஆள் இருக்கும் சந்தை நிலைமைதான் மோனோப்சனி (monopsony). அதற்குத் தமிழ்ச் சொல்லாக நம் குழுவில் ஐயா ஒருவர் முன்வைத்த ‘கொள்வோர் தனியுரிமை’யில் எனக்கு இடறுவது அந்த ‘உரிமை’தான். வாங்க ஒரே ஆள் இருப்பது ஒரு நிலைமை. அதை யாரும் அவருக்கு உரிமையாக எழுதிக் கொடுப்பதில்லை.

எரிவாயு விற்கும் துர்க்மெனிஸ்தானின் கதையும் அப்படித்தான். 2009 டிசம்பரில் உஸ்பெகிஸ்தான், கஸகஸ்தான் வழியாகச் சீனாவுக்கு எரிவாயுக் குழாய் திறந்தபோது, அந்த எரிவாயுவை வாங்குவதில் ரஷ்யாவின் பிடி தளர்ந்தது என்றுதான் பேச்சு. 2016இல் ரஷ்ய எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் வாங்குவதை நிறுத்தியது. 2017 ஜனவரியில் பாக்கிப் பணத் தகராறில் ஈரானுக்கும் விநியோகம் நின்றது. பெருமளவில் வாங்க மிஞ்சியது சீனா மட்டும். 2019இல் காஸ்ப்ரோம் திரும்பி வரும்வரை இதே நிலைதான். அங்குள்ள கல்கினிஷ் எரிவாயு வயலுக்குச் சீனா கொடுத்த கடன் வேறு, எரிவாயுவாகவே கழிந்துகொண்டிருந்தது. குழாயைப் பிடுங்கி வேறு பக்கம் திருப்ப முடியுமா?

கிளிநொச்சிப் பக்கம், முரசுமோட்டையில் இருந்து எழுதுகிறேன், எனக்கு இது புதிதில்லை. ஒரு காலபோக வெட்டு முடிந்த கையோடு மழை இருட்டிக்கொண்டு வந்தது. நெல் தறப்பாளில் கிடக்கிறது. வந்தது ஒரே லொறி. யாவாரி ஒரு மணியைக் கடித்துப் பார்த்துவிட்டு, “ஈரம், மூடைக்கு மூண்டு கிலோ கழிப்பன்” என்றார். பசளைக் கடனும் அவரிடம்தான். அம்மா சாக்கைக் கட்டிக்கொண்டே, “வேற ஆர் வரப்போறான், ஏத்து” என்றா.

அந்த ‘வேற ஆர்’ சொல்லுக்குள் வரவேண்டும். ‘ஒருகொள்வு’ என்று வைத்தால் என்ன? வாங்குபவர் ‘ஒருகொள்வர்’. எதிர்ப்பக்கத்துக்கு, அதாவது விற்க ஒரே ஆள் இருக்கும் மோனோபொலிக்கு (monopoly), ‘ஒருவிற்பு’, ‘ஒருவிற்பர்’ என்று சோடியும் சேரும். பாடப்புத்தகத்தில் மோனோபொலிக்குத் ‘தனியுரிமை’ ஊறிப்போய்விட்டது, அதை அசைப்பது கஷ்டம். ஆனாலும் மோனோப்சனிக்காவது இப்போதே வேறு வழி போகலாம்.

‘கொள்வு’ என்றால் கொள்ளுத் தானியம் ஞாபகம் வருகிறது என்று குழுவில் அண்ணை ஒருவர் எழுதியிருந்தார். வரட்டுமே, ‘கொள்வனவு’ சொல்லும்போது வராத கொள்ளா?

வசனத்தில் போட்டுப் பார்த்தேன்: “ஈரானுக்கும் விநியோகம் நின்றபின் துர்க்மெனிஸ்தான் சீனாவின் ஒருகொள்வில் அகப்பட்டது.” எனக்கு வாயில் தடக்கவில்லை.

ஒன்று மட்டும்: கடனை இந்தச் சொல்லுக்குள் திணிக்க வேண்டாம். கடன் இல்லாமலும் ஒருகொள்வு வரும். விளைச்சலால் அடைக்கும் கடனுக்கு ‘வெட்டுக்கடன்’ என்று ஒன்று மனதில் இருக்கிறது, அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.