தண்ணீரும் காற்றும் தானாகவே சுத்தமாகிவிடும் என்றால் எதற்குப் பாதுகாக்க வேண்டும்?

மழைத்துளி:
மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து நானே மாட்டிக்கொண்டேன். புத்தகத்தில் நீரும் காற்றும் புதுப்பிக்கத்தக்க வளங்கள் என்று போட்டிருக்கிறது. கடல் நீர் ஆவியாகி மழையாகத் திரும்புகிறது, அழுக்கு கீழேயே தங்கிவிடுகிறது, காற்றை மரம் பார்த்துக்கொள்ளும், "அப்புறம் எதுக்குப்பா பாதுகாக்கணும்?" என்கிறாள். பரீட்சைக்கு எழுதுகிற பதில் வேண்டாம், நிஜமாக என்ன நடக்கிறது என்று யாராவது சொல்லுங்களேன்.

பழைய பம்ப்செட்:
உங்கள் மகள் சொல்வது பாதி சரி. அழுக்கு கீழேயே தங்கிவிடும் என்றாளே, அந்தக் கீழே இருந்துதான் நாம் தண்ணீர் எடுக்கிறோம். உலகத்துத் தண்ணீரில் நூற்றுக்கு 97 பங்கு உப்பு நீர், மிச்ச நன்னீரிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனிக்கட்டியாகக் கிடக்கிறது, பாக்கியில் பெரும்பகுதி நிலத்தடி நீர். ஆற்று நீர் சில வாரங்களில் ஓடிப் புதுசாகிவிடும், ஆழத்து நிலத்தடி நீர் புதுசாக ஆயிரக்கணக்கான வருஷம்கூட ஆகும். உரத்தின் நைட்ரேட் அதில் இறங்கிவிட்டால் நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி ஏறத்தான் செய்யும்.

ராத்திரிப்பறவை:
விடியற்காலையில் குளத்து மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஊரே பேசும், பல நேரம் அது மூச்சுத்திணறல்தான். சாக்கடையும் உரமும் குளத்தில் சேர்ந்தால் பாசிக்கு விருந்து, தாறுமாறாக வளரும். பகலில் ஆக்சிஜன் தருகிற அதே பாசி ராத்திரியில் அதை உறிஞ்சும், செத்த பாசியை அழுகவைக்கும் பாக்டீரியாவும் கூடச் சேர்ந்துகொள்ளும், ஆக வெயில் வருவதற்குச் சற்று முன்னால்தான் ஆக்சிஜன் அடிமட்டத்தில் இருக்கும். ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன், 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருப்பது 8 மில்லிகிராம் சொச்சம். மீனின் கையிருப்பே அவ்வளவுதான்.

தூசித்தட்டு:
மரம் பார்த்துக்கொள்ளும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மரம் தருவது ஆக்சிஜன், நமக்கு அதில் பஞ்சமே இல்லை, புகைமூட்டத்திலும் கிட்டத்தட்ட 21 சதவீதம் இருக்கும். பிரச்சினை கூடவே உள்ளே போகிற நுண்துகள். பி.எம். 2.5 என்று சொல்லப்படும் இந்தத் துகள் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு அளவு, மூக்கு முடியில் சிக்காமல் நேரே நுரையீரலின் அடிவரை போய்விடும். இலை கொஞ்சம் பிடிக்கும், மழை கழுவும், ஆனால் கழுவியது எங்கே போகிறது? மண்ணுக்கும் குளத்துக்கும்தான்.

1952 டிசம்பரில் லண்டனில் குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று மூடி போட்ட மாதிரி படுத்துவிட்டது, நிலக்கரிப் புகை ஐந்து நாள் மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே நின்றது, ஆயிரக்கணக்கில் ஜனம் செத்தது. 1956இல் சட்டம் போட்டுப் புகையைக் குறைத்தபிறகுதான் மெல்ல மெல்லத் தெளிந்தது. பெட்ரோலில் ஈயம் கலப்பதும் அப்படித்தான், உலகம் முழுக்க நிற்க 2021 ஆனது.

பழைய பம்ப்செட்:
லண்டன் வழியாக ஓடும் தேம்ஸ் ஆறும் அதே கதை. 1957இல் உயிரில்லாத ஆறு என்று கைகழுவினார்கள், கழிவுநீர்ச் சுத்திகரிப்பைச் சரிசெய்ததும் மீன் திரும்பி வந்தது. ஓடுகிற தண்ணீர் என்பதால் அது நடந்தது. நிலத்தடி நீரில் இதை எதிர்பார்க்காதீர்கள்.

மழைத்துளி:
எல்லோருக்கும் நன்றி. மீன் கதை நன்றாக எடுபட்டது, ஆனால் அடுத்த கேள்வி உடனே வந்துவிட்டது: ராத்திரி மட்டும் குளத்துக்குள் காற்றை ஊதினால் போதாதா?

ராத்திரிப்பறவை:
ஆள் தேறிவிட்டாள்! மீன் வளர்ப்பவர்கள் அதைத்தான் செய்கிறார்கள், ராத்திரியில் ஏரேட்டர் ஓடும். ஆனால் சாக்கடை வரும் வாயை அடைக்காமல் ஏரேட்டரை மட்டும் ஓட்டினால் பாசியும் வளரும், கரண்ட் பில்லும் வளரும்.