குளிர் ஊரா, வெயில் ஊரா? நாய் வளர்ப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஸ்கார்பரோ, டொராண்டோ

வணக்கம் நண்பர்களே. எனக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். வேலைக்காக இங்கே வந்து பல வருடம் ஆகிறது. இப்போது ஊருக்கே திரும்பிவிடலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. எங்களுக்கு எங்கே என்றாலும் சரி. யோசனையெல்லாம் எங்கள் லேப்ரடார் மினியைப் பற்றித்தான். வயதாகிவிட்டது, இடுப்பு மூட்டில் வலி இருக்கிறது. பிறந்ததிலிருந்து இந்த ஊர்தான் பழக்கம்.

இங்கே குளிர்காலம் எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் காற்றும் சேர்ந்துகொண்டால் மைனஸ் 20 போல உறைக்கும் நாட்கள் வரும். ஆனால் லேப்ரடாருக்கு இரண்டு அடுக்கு முடி. பனி கொட்டினால் மினிக்குக் கொண்டாட்டம். பனியைவிடப் பெரிய தொல்லை, நடைபாதையில் போடும் உப்பு. விரலிடுக்கில் புகுந்து பாதம் வெடித்து எரியும். அந்த எரிச்சலில் நக்குவாள், உப்பு வயிற்றுக்குள் போனால் வாந்தி. வாசலிலேயே வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, நான்கு கால்களையும் கழுவித் துடைத்த பிறகுதான் உள்ளே விடுவோம். காரிலிருந்து சொட்டும் ஆன்டிஃப்ரீஸ் (எஞ்சின் தண்ணீர் உறையாமல் இருக்கச் சேர்க்கும் திரவம்) இன்னும் பயம். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கிவிடும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் செயலிழந்துவிடும். கார் நிறுத்துமிடத்தில் நடக்கும்போது என் கண் தரையிலேயே இருக்கும்.

குட்டை முடி நாய்களுக்கு இந்த ஊர் கஷ்டம்தான். பக்கத்து வீட்டில் இந்தியாவிலிருந்து தத்தெடுத்து வந்த தெரு நாய் ஒன்று இருக்கிறது. 2022 செப்டம்பருக்கு முன்பே வந்தது. அதன் பிறகு, ரேபிஸ் ஆபத்து அதிகமுள்ள நாடுகளிலிருந்து விற்கவோ தத்துக் கொடுக்கவோ நாய்களைக் கொண்டுவருவதைக் கனடா நிறுத்திவிட்டது. இந்தியாவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஸ்வெட்டர் போட்டாலும் அந்தப் பக்கத்து வீட்டு நாய் பனியில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். பார்க்கவே மனம் வலிக்கும்.

மினிக்குக் கஷ்டம் வேறு விதம். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். நடை குறைகிறது, எடை ஏறுகிறது, காலையில் எழும்போது பின்னங்கால் இறுகிப்போகிறது. வெயில் ஊராக இருந்தால் அந்த மூட்டுக்கு இதமாக இருக்குமே என்று தோன்றுகிறது. அங்கே வளர்ப்பவர்கள் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

சென்னை, மேற்கு மாம்பலம்

அண்ணா, எங்களிடம் பக் என்ற தட்டை மூக்கு நாய் இருக்கிறது. கத்திரி வெயிலில் ஒரு மதியம் கரண்ட் போனது, சீக்கிரம் வரவில்லை. ஃபேனும் இல்லை, காற்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் இளைப்பு நிற்கவே இல்லை, ஈறு செங்கல் நிறத்துக்கு மாறிவிட்டது, எச்சில் கயிறாக வழிந்தது. அடிவயிற்றிலும் கால் இடுக்கிலும் சாதாரணத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, காரில் ஏசியை முழுதாக வைத்து டாக்டரிடம் ஓடினோம். அங்கே பார்த்தபோதும் உடம்புச் சூடு 41 டிகிரியைத் தாண்டியிருந்தது. நாய்க்கு 39 வரை இயல்பு. பிழைத்துக்கொண்டது, ஆனால் அந்த இரவு முழுக்க நாங்கள் யாரும் தூங்கவில்லை.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கும் ஈரம் ஆவியானால்தான் சூடு இறங்கும். சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் எவ்வளவு இளைத்தாலும் ஆவியாவது குறைவு. தட்டை மூக்கு நாய்க்கு மூச்சுப் பாதையே குறுகல் என்பதால் இரட்டைக் கஷ்டம். பக், ஷி ட்ஸு வைத்திருப்பவர் யாராவது கேட்டால் சென்னைக்கு வராதீர்கள் என்றுதான் சொல்வேன். உங்களுடையது லேப், அதிலும் கோவை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வரும், புழுக்கம் இங்கே அளவுக்கு இல்லை.

ஆனாலும் மார்ச் முதல் ஜூன் வரை வாக்கிங்கை விடியற்காலையிலும் இரவு எட்டு மணிக்கு மேலும் வைத்துக்கொள்ளுங்கள். புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் அவள் பாதமும் தாங்காது. வெயிலுக்காக முடியை மழித்துவிடச் சொல்வார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள். இரண்டு அடுக்கு முடி சூட்டையும் தடுக்கும். சீப்பால் உள்முடியை எடுத்துவிட்டாலே போதும்.

அப்புறம் உண்ணி. இது இங்கே வருடம் முழுக்க இருக்கும். எங்கள் முந்தைய நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்து, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்து மூக்கில் ரத்தம் வந்தது. கனடாவில் குளிர்காலம் உண்ணியிலிருந்து கொஞ்சம் ஓய்வு தருமே, அந்த ஓய்வு இங்கே கிடையாது. மாத்திரையோ சொட்டு மருந்தோ, டாக்டர் சொன்ன இடைவெளியில் தவறாமல் கொடுக்க வேண்டும். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் தடுப்பூசியையும் விட்டுவிடாதீர்கள்.

கொளத்தூர்

நாய் இல்லை, மீன் வளர்க்கிறேன். எங்களுக்கும் இதே கேள்விதான். டொராண்டோவில் இருக்கும் தம்பி, தொட்டிக்கு ஹீட்டர் வைத்து ஏஞ்சல் மீனைக் காப்பாற்றுகிறான். இங்கே கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன் என்பதால் மே மாதத்தில் தவிக்கிறது. 15 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் உடனே ஏர் பம்ப். கரண்ட் போனால் பேட்டரி பம்ப்.

குன்னூர்

இரண்டுக்கும் நடுவில் மலை இருக்கிறதே என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஆண்டு முழுக்க இதமான குளிர், நாய் சோர்ந்துபோவதே இல்லை. மழைக்காலத்தில் புல்லில் நடந்தால் அட்டை ஏறும், விரலிடுக்கைத் தினமும் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், சிறுத்தை. எங்கள் தெருவிலேயே இரவில் வெளியே கட்டியிருந்த நாயைத் தூக்கிப் போய்விட்டது. இருட்டிய பிறகு எங்கள் நாய் வீட்டுக்குள்தான். இரவில் கதவைத் திறப்பதென்றால் முதலில் நான் டார்ச்சோடு போவேன்.

ஸ்கார்பரோ, டொராண்டோ

எல்லோருக்கும் நன்றி. படித்த பிறகு ஒன்று தெளிவாகிவிட்டது. குளிருக்கு மேலே ஒரு துணி சேர்க்கலாம். வெயிலில் நாய் தன் உடம்பிலிருந்து எதையும் கழற்ற முடியாது. மினி தட்டை மூக்கு நாயாக இருந்திருந்தால் இங்கேயே இருந்திருப்போம். இவளுக்கு மூச்சு நன்றாக இருக்கிறது, தொந்தரவு மூட்டில்தான். கோவைக்கே போவது என்று முடிவு.

கோடையில் அழைத்துப் போகப் போவதில்லை. கடும் வெயில், கடும் குளிர் நாட்களில் பல விமான நிறுவனங்கள் சரக்குப் பகுதியில் நாயை ஏற்பதில்லை. அக்டோபர் கடைசி இரண்டு ஊருக்கும் பொருந்துகிறது, கோவை வெயிலுக்குப் பழக நான்கைந்து மாதமும் கிடைக்கும். நாயைக் கோவையில் நேரே இறக்க முடியாது. சென்னையில் இறங்கி, அங்கிருந்து இரவில் காரில் போவதாக யோசனை. பள்ளிக்கரணையில் உள்ள விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தின் தடையில்லாச் சான்றுக்கான தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

கோவை வீட்டில் தரை முழுக்க பளபளப்பான டைல்ஸ். கோடையில் படுத்துக்கொள்ளக் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் இடுப்பு வலி உள்ள நாய்க்கு அது வழுக்கும். அதே நிலையில் நாய் வைத்திருப்பவர்கள் என்ன விரிக்கிறீர்கள்? ரப்பர் மேட் சூடாகிவிடுமா, கோரைப்பாய் நகராமல் நிற்குமா?