பூஷேயின் வீனஸுக்கு இவ்வளவு கொண்டாட்டம் தேவையா?

கரித்துண்டு:
பிரெஞ்சு ஓவியர் பிரான்சுவா பூஷே 1740-இல் காதல் தேவதை வீனஸை வைத்து வரைந்த ‘வீனஸின் வெற்றி’தான் ரொக்கோகோவின், அதாவது பதினெட்டாம் நூற்றாண்டின் அந்த அலங்கார பாணியின், உச்சம் என்று ஆளாளுக்குப் புகழ்கிறீர்கள். எனக்குத் தெரிவது ரோஸ் கலர் உடம்புகள், குட்டி மன்மதர்கள், புறாக்கள், டால்ஃபின்கள், அவ்வளவுதான். நடுக்கடலில் இத்தனை பேர் கிடக்கிறார்களே, யாராவது நனைந்த மாதிரி இருக்கிறார்களா? இந்த ஆளிடம் எல்லாம் இருக்கிறது, உண்மை மட்டும் இல்லை என்று பிரெஞ்சு எழுத்தாளர் தித்ரோ 1761-இலேயே எழுதிவிட்டார்.

நீலச்சாயம்:
தித்ரோ அப்படி எழுதியது 1761-இல் பாரிஸில் நடந்த சலோன் ஓவியக் கண்காட்சியைப் பார்த்து. இந்தப் படம் சலோனில் தொங்கியது 1740-இல். இருபத்தோரு வருஷம் அதே பண்டத்தைச் செய்து செய்து கை பழகிப்போன பூஷேயைத் திட்டினார், சரி, அவரை நானும் திட்டுவேன். ஆனால் இந்தப் படத்தில் முதலில் கடலைப் பாருங்கள். சாம்பல் கலந்த பச்சை, கிட்டத்தட்ட அழுக்கு நிறம், அதன் மேல் வைத்ததால்தான் அந்த உடம்புகள் ஒளிர்கின்றன. ட்ரைட்டன்களின், அதாவது கடல் ஆண்களின், பழுப்புத் தோலைப் பெண்களின் வெளுப்புக்கு ஒட்டியே வைத்ததும் அதற்காகத்தான். அப்புறம் மேலே மன்மதர்கள் பிடித்திருக்கும் ரோஸும் வெள்ளியும் கோடுபோட்ட துணி: அது மட்டும் காற்றில் முறுக்கிக்கொண்டு பறக்காவிட்டால் கீழே உள்ள கூட்டம் மூட்டை மாதிரி குவிந்து கிடக்கும். அசல் 130க்கு 162 செ.மீ., கைபேசியில் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

கரித்துண்டு:
துணியைச் சொன்னீர்களே, என் புகாரே அதுதான். பூஷே பாரிஸ் ஆபரா என்ற இசைநாடக அரங்குக்கு மேடைக் காட்சி அமைத்தவர், பிரான்ஸின் போவே நெசவுக்கூடத்துக்குச் சித்திரத் திரைச்சீலைகளுக்கான வடிவங்களை வரைந்து கொடுத்தவர். இதுவும் மேடைதான், அலையெல்லாம் அட்டை. இத்தாலிய ஓவியர் போத்திச்செல்லியின் வீனஸும் சிப்பியில்தான் வருகிறாள், அவளைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடுகிறது.

தறிவீட்டுப்பிள்ளை:
நெசவுக்கு வரைந்தவர் என்று இளக்காரமாகச் சொன்னதால் வந்தேன். அட்டை அலை என்று தெரிந்தே சொக்கிப்போவதுதானே ஆபரா? இந்த வீனஸை வணங்கச் சொல்லி பூஷே கேட்கவே இல்லை. ஒருத்தி முத்துச் சிப்பியை நீட்டுகிறாள், இவள் எதிலும் அவசரம் இல்லாமல் சாய்ந்திருக்கிறாள். வீட்டில் மாட்டிக் கூடவே வாழ்வதற்கான படம் இது. வாங்கியவர் பாரிஸில் ஸ்வீடன் தூதராக இருந்த டெசின். கலைப்பொருள் வாங்கி வாங்கியே கடனில் மூழ்கி, கடைசியில் அரச குடும்பத்துக்கு விற்க வேண்டியதாயிற்று. அதனால்தான் படம் இன்று ஸ்டாக்ஹோம் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கரித்துண்டு:
ஒருவர் கடன்பட்டார் என்பதற்காகப் படம் நல்ல படமாகிவிடுமா? ஆனால் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். கடலை ஒத்துக்கொள்கிறேன், அதுவும் இடது ஓரம் வரைக்கும் இல்லை, நடுவில் மட்டும். புறாக்களைத்தான் மன்னிக்க முடியவில்லை.

நீலச்சாயம்:
புறா வீனஸின் பறவை ஐயா, அதை எங்கே கொண்டுபோய் விடுவது?