மடிக்கணினியுடன் எடுத்துச் செல்ல ஒரு கம்பியில்லா மவுஸ்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். தணிக்கைப் பணியில் இருப்பதால் வாரத்தில் நான்கு நாட்கள் வெவ்வேறு அலுவலகங்களில் அமர்ந்து, காலை முதல் மாலை வரை எக்செல் கோப்புகளில் வேலை செய்கிறேன். டச்பேடையே நம்பியிருந்தால் கட்டைவிரலின் அடிப்பகுதி வலிக்கிறது என்பதால், சென்ற ஆண்டு மிகத் தட்டையான ஒரு கம்பியில்லா மவுஸை வாங்கினேன். பையில் அது இருப்பதே தெரியாது. ஆனால் இரண்டு மணி நேரம் பிடித்திருந்தால் விரல்கள் மரத்துப் போகின்றன. போதாக்குறைக்கு, அதன் டாங்கிளை (கணினியில் செருகும் சிறிய ரிசீவரை) ஓர் இடத்தில் தவறவிட்டுவிட்டதால் இப்போது அதையும் பயன்படுத்த முடியவில்லை.

என் மடிக்கணினியில் இரண்டு டைப்-சி துளைகள் மட்டுமே உள்ளன. ஒன்று சார்ஜருக்கும் மற்றொன்று வெளிப்புற ஹார்ட் டிஸ்க்குக்கும் போய்விடுகிறது. புளூடூத் மவுஸ் தடுமாறும் என்று உடன் பணிபுரிபவர் சொல்கிறார், அது உண்மையா? பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படும் டி.பி.ஐ. (மவுஸின் நுண்ணுணர்வு) எண்ணுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம்? சில இடங்களில் கண்ணாடி மேசைதான் கிடைக்கிறது என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

பதில் 1

உங்களிடம் இருப்பவை இரண்டே துளைகள் என்னும்போது, புளூடூத்தையே தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கருத்து. டைப்-சி துளையில் பொருந்தாத சாதாரண டாங்கிளைச் செருக அடாப்டரோ ஹப்போ தேவைப்படும். அதையும் சேர்த்துச் சுமந்தால் சிறிய மவுஸ் வாங்கியதன் பயனே போய்விடும்.

டாங்கிளும் புளூடூத்தும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இயங்குகின்றன. ஆகவே டாங்கிள் என்றாலே தடுமாற்றம் இருக்காது என்று சொல்லிவிட முடியாது. வெளிப்புற ஹார்ட் டிஸ்க் போன்ற யூ.எஸ்.பி. 3.0 கருவிகளும் அவற்றின் கேபிள்களும் வேலை செய்யும்போது இதே அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்குகின்றன. ஹார்ட் டிஸ்க்கை ஒட்டியே டாங்கிளைச் செருகியிருப்பவர்களின் திரையில் சுட்டி விட்டுவிட்டு நகர்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மவுஸ் பழுதாகிவிட்டது என்று எண்ணி அதைத் தூக்கி எறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு சிறிய நீட்டிப்புக் கேபிளால் டாங்கிளைத் தள்ளி வைத்திருந்தாலே போதுமானதாக இருந்திருக்கும்.

புளூடூத்தில் நீங்கள் உணரக்கூடிய தாமதம், மவுஸ் சற்று நேரம் சும்மா இருந்து உறங்கிய பின் மீண்டும் இணையும் அந்த ஓரிரு நொடிதான். விளையாட்டுகளுக்குப் புளூடூத் போதாது என்பது சரி. கணக்குப் பதிவுகளைச் சரிபார்ப்பதற்கு அந்தத் தாமதம் தடையே இல்லை. கணினி முழுவதுமாகத் தொடங்கும் முன் வரும் பயாஸ் திரையில் புளூடூத் மவுஸ் பொதுவாக இயங்காது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

பிறருடைய கணக்குகளைக் கையாள்பவர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2016-இல் பாஸ்டில் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 'மவுஸ்ஜாக்' என்ற குறைபாட்டை வெளியிட்டார்கள். புளூடூத் அல்லாத பல டாங்கிள்கள், அருகிலிருக்கும் வேறொருவர் அனுப்பும் விசையழுத்தங்களையும் தமது மவுஸிடமிருந்து வந்தவையாகவே ஏற்றுக்கொண்டன. பெயர் தெரியாத மலிவான டாங்கிள்களைத் தவிர்க்கச் சொல்வதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

பதில் 2

மேலே சொன்னவற்றோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் வரிசையை மாற்ற விரும்புகிறேன். விரல் மரத்துப் போகிறது என்று ஒருவர் சொல்லும்போது, முதலில் பேச வேண்டியது இணைப்பைப் பற்றி அல்ல, மவுஸின் உயரத்தைப் பற்றி.

ஆப்பிளின் மேஜிக் மவுஸும் லாஜிடெக்கின் எம்.எக்ஸ். எனிவேர் 3-உம் ஏறத்தாழ ஒரே எடைதான், இரண்டும் 99 கிராம். முதலாவதன் உயரம் 22 மில்லிமீட்டருக்கும் குறைவு. இரண்டாவது 34 மில்லிமீட்டர். மேடான முதுகு இல்லாத மவுஸில் உள்ளங்கைக்குத் தாங்கல் கிடைக்காததால், நாள் முழுவதும் கட்டைவிரலும் சுண்டுவிரலும் அதைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. உங்கள் மரத்துப்போதலுக்கு அந்தப் பிடியே காரணமாக இருக்கலாம். மவுஸை மாற்றிய பிறகும் அது தொடர்ந்தால் தயங்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பழைய மவுஸின் உயரத்தை ஓர் அளவுகோலால் அளந்துகொண்டு, அதைவிடப் பத்து மில்லிமீட்டராவது உயர்ந்ததைத் தேடுங்கள். பை சற்றுப் புடைத்தால் புடைக்கட்டும்.

டி.பி.ஐ. குறித்துக் கவலை வேண்டாம். 1000 டி.பி.ஐ. என்றால் மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் 1000 எண்ணிக்கை பதிவாகும். ஓர் எண்ணிக்கைக்குச் சுட்டி ஒரு புள்ளி நகர்வதாகக் கொண்டால், 1920 புள்ளி அகலமுள்ள திரையை இரண்டு அங்குலத்திற்குள் கடந்துவிடலாம். எக்செல் கட்டங்களைத் துல்லியமாகத் தொட வேண்டியவருக்கு 8000 என்ற எண்ணால் எந்தப் பயனும் இல்லை. அந்தக் கவனத்தைச் சக்கரத்தின் மீது வையுங்கள். ஆயிரக்கணக்கான வரிசைகளில் இறங்குபவருக்கு, தடையின்றிச் சுழலவிடக்கூடிய சக்கரமும் பக்கவாட்டில் நகரும் வசதியும் கைக்கு எவ்வளவு ஓய்வு தருகின்றன என்பது ஒரு வாரத்தில் விளங்கிவிடும்.

கண்ணாடி மேசையைப் பொறுத்தவரை, சாதாரண ஆப்டிகல் மவுஸ் தனக்குக் கீழே உள்ள பரப்பை இடைவிடாமல் படமெடுத்து ஒப்பிட்டே அசைவை அறிகிறது. தெளிந்த கண்ணாடியில் ஒப்பிடுவதற்கு ஒன்றுமே இருக்காது. லாஜிடெக் 2009-இல் அறிமுகப்படுத்திய டார்க்ஃபீல்ட் சென்சார், குறைந்தது 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடியின் மேல் வேலை செய்யும். இதற்காகவே கூடுதலாகச் செலவழிக்க மனமில்லை என்றால், மவுஸின் கீழே ஒரு வெள்ளைத் தாளை வைத்தாலே போதும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இப்போதுதான் அளந்து பார்த்தேன். பழைய மவுஸின் உயரம் 23 மில்லிமீட்டர்தான். இனி எஞ்சியிருப்பது ஒரே ஐயம்: பேட்டரி மாற்றும் வகையா, சார்ஜ் செய்யும் வகையா?

பதில் 3

இரண்டையும் சில ஆண்டுகள் பயன்படுத்தியவன் என்ற முறையில், பயணத்திற்கு நான் பேட்டரி மாற்றும் வகையையே விரும்புகிறேன். ஒரு ஏ.ஏ. அல்கலைன் பேட்டரி ஏறத்தாழ 23 கிராம் என்பதால் சற்றுக் கனக்கும். 15 கிராம் அளவே உள்ள லித்தியம் ஏ.ஏ. போட்டால் அந்தக் கனமும் குறையும். பல மாதங்கள் பயன்படுத்தாமல் வைப்பதானால் அல்கலைனைக் கழற்றிவிடுங்கள். உள்ளே கசிந்து உலோக முனைகளை அரித்ததால் ஒரு நல்ல மவுஸை இழந்திருக்கிறேன்.

சார்ஜ் செய்யும் வகையை வாங்குவதானால், மடிக்கணினியின் டைப்-சி கேபிளே அதற்கும் பொருந்துமா என்பதையும், சார்ஜ் ஏறும்போதே பயன்படுத்த முடியுமா என்பதையும் பாருங்கள். மேஜிக் மவுஸில் சார்ஜ் துளை அடிப்பக்கத்தில் இருப்பதால், ஏறி முடியும் வரை அதைக் கையாள முடியாது.

எந்த வகையானாலும் அடிப்பக்கத்தில் அணைப்பான் (மவுஸை அணைத்து வைக்கும் பொத்தான்) இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பையின் ஒவ்வொரு குலுக்கலிலும் மவுஸ் விழித்துக்கொள்ளும். ரப்பர் பூச்சுள்ளவை சில ஆண்டுகளில் பிசுபிசுத்துப் போவதுண்டு என்பதால் வெறும் பிளாஸ்டிக் மேற்பரப்பே நல்லது. பிறருடைய அலுவலகத்தில் அமர்பவர் என்பதால், ஓசையின்றி அழுந்தும் பொத்தான்கள் உள்ளதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

புளூடூத், 34 மில்லிமீட்டர் அளவு உயரம், பேட்டரி மாற்றும் வசதி, அணைப்பான் ஆகியவற்றை மனத்தில் வைத்துத் தேடுகிறேன். கண்ணாடி மேசைக்கு இப்போதைக்கு வெள்ளைத் தாளே துணை. புதியதை ஒரு மாதம் பயன்படுத்திய பிறகு விரல்கள் எப்படி இருக்கின்றன என்பதை இங்கேயே எழுதுகிறேன்.